பழவேற்காட்டில் சேலத்து மாலுமி

1974 பிப்ரவரி 24, ஞாயிறு. காலை மணி 6.50.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு பாசஞ்சர் வண்டி பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. பொன்னேரிக்கு டிக்கெட் நாற்பது பைசா, தூரம் பதின்மூன்று கிலோமீட்டர். நடுவில் கவரப்பேட்டையில் மட்டும் நின்றது. என் பையில் இருந்தவை ஒரு துண்டு, இரண்டு வாழைப்பழம், பதினாறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த சொற்பொழிவு. பொதுக்கூட்டத்தில் பேசுவது எனக்கு இதுவே முதல் தடவை. ஆகையால் ஜன்னலுக்கு வெளியே என்னென்ன போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஆறாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நான் யாரைப் பற்றிப் பேசப் போனேனோ அவர் அமெரிக்காக்காரர். அவர் இறந்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பீப்பாய் செய்து பிழைத்த தகப்பனுக்குப் பிறந்து, பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, பன்னிரண்டு வயதில் கப்பல் சாமான் விற்கும் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தவர். கடை வேலை முடிந்த பிறகு அல்ஜீப்ரா படித்தார். ஒரு பெரிய ஆங்கிலேய மேதையின் கணித நூல் லத்தீனில் இருந்ததால் லத்தீன் கற்றுக்கொண்டார். நூலைப் படித்ததோடு விடாமல் அதிலேயே ஒரு பிழையையும் கண்டுபிடித்தார். ஐந்து முறை கப்பலேறினார். அந்தக் காலத்து மாலுமிகள் உயிரை நம்பி ஒப்படைத்திருந்த அட்டவணைகளை எண் எண்ணாகத் தானே போட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் பிழைகள் கிடைத்தன. எல்லாவற்றையும் திருத்தி அவர் எழுதிய கப்பல் நூலின் வழிவந்த பதிப்பு இன்றைக்கும் அமெரிக்கக் கப்பல்களில் இருக்கிறதாம். மூர் மார்க்கெட் நடைபாதையில் முன் அட்டை இல்லாத ஒரு புத்தகத்தை இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். அவர் கதை அதில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை என்று என் அறை நண்பர்கள் சொல்கிறார்கள்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கும்மிடிப்பூண்டி டீக்கடையில் ஏழுமலை காதில் விழுந்தது. அவர் பழவேற்காட்டுப் படிப்பகத்தின் செயலாளர். ஆண்டு விழாவுக்கு வந்து பேசும்படி கூப்பிட்டார். தலைப்பைத் தபாலில் எழுதச் சொன்னார். அந்த அமெரிக்கரின் பெயரைத் தமிழில் மூன்று விதமாக எழுதலாம், மூன்றும் தப்பாகத் தெரியும். போஸ்ட்கார்டிலோ இடம் கொஞ்சம். அதனால் அவர் பிறந்த துறைமுகத்தின் பெயரை வைத்து, "சேலத்து மாலுமி" என்று எழுதிப் போட்டேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்த ஊருக்கு சேலம் என்றுதான் பெயர். கார்டு போதவில்லை, அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

காலை 8.10. பொன்னேரி.

பழவேற்காட்டுக்கு பஸ் கட்டணம் அறுபத்தைந்து பைசா, பதினெட்டு கிலோமீட்டர். டிரைவருக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன். பக்கத்தில் காதர் பாய் என்று ஒரு வியாபாரி. பழவேற்காட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். மடியில் ஆணி மூட்டை. திருப்பாலைவனம் தாண்டியதும் என் கையில் இருந்த காகிதங்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, நீதான் இன்றைக்குப் பேச வரும் தம்பியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விழா நோட்டீஸ் தன் கடைக் கதவிலும் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். அதில் என்ன போட்டிருக்கிறது என்பதை மனப்பாடமாக ஒப்பித்தார். "நமது சேலத்தில் பிறந்து ஏழு கடல் கண்ட கணிதப் புலி."

"நமது" என்று நான் கார்டில் எழுதவே இல்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. சேலத்துல ஏது கடலு?" என்றார் காதர் பாய்.

"அது வேற சேலம் பாய். அமெரிக்காவுல இருக்குது."

ஆணி மூட்டை குலுங்கச் சிரித்தார். முன்னால் இருந்த கண்டக்டரையும் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

"ஏழுமலைக்கு இது தெரியுமா? கூட்டத்துக்குத் தலைமை யாரு தெரியுமில்ல உனக்கு? கூட்டுறவு இன்ஸ்பெக்டரு. நெஜ சேலத்துக்காரரு."

காலை 9.05. பழவேற்காடு.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏரி தெரிகிறது. ஏரி என்று சொன்னாலும் உப்புத் தண்ணீர்தான், கடலுக்கு ஒரு வாய் திறந்திருக்கிறது. எதிர்க்கரை வடக்கே போகப் போக ஆந்திராவாகிவிடுகிறது. காற்றில் கருவாட்டு வாசனை. ஏழுமலை சைக்கிளோடு காத்திருந்தார். நாற்பது வயது, பேச்சை விட வேகமாகச் சைக்கிள் மிதிப்பவர், வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். படிப்பகத்துக்கு மட்டுமல்ல, மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். நேரே வீட்டுக்கு அழைத்துப் போய் நாஷ்டா வைத்தார். இட்லி, எறாத் தொக்கு. இரண்டாவது இட்லியில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் தொக்குக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா தம்பி நீ. அமெரிக்கான்னு ஒரு வார்த்த எயுதறதுக்கு இன்னா?"

"கார்டுல எடம் இல்லண்ணே."

அப்புறம்தான் அவருடைய பேஜாரு என்னவென்று தெரிந்தது. ஏரியில் மீன் பிடிப்பவர்களுக்கு நைலான் நூல் சங்கத்தின் வழியாகத்தான் வருகிறது. பருத்தி வலை ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகும், நைலான் நிற்கும். முப்பது குடும்பத்துக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட பெயர்ப்பட்டியல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பொன்னேரி அலுவலகத்தில் இருக்க வேண்டும். தவறினால் அந்த நூல் வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போய்விடும். இன்ஸ்பெக்டரோ பட்டியலை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாராம், "சரிபார்த்து அனுப்பவும்" என்று.

சரிபார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பின்ன? மொத தபா என் கையெயுத்து கோணலா இருந்திச்சு. வாத்தியார உட்டு நல்லா எயுதி அனுப்பிச்சேன். அதயும் திருப்பிட்டாரு. அப்றம் அடிக்கோடெல்லாம் சிவப்பு மையில போட்டு அனுப்பிச்சேன். அவுரு வேற ஏதோ எதிர்பாக்கறாருன்னு ஊர்ல சொல்லிக்கினு இருக்காங்க."

அப்படி இருக்கும்போதுதான் என் கார்டு வந்திருக்கிறது. சேலத்துக்காரரைப் பற்றிக் கூட்டம் போட்டு, சேலத்துக்காரரையே தலைமையில் உட்கார வைத்தால் மனுஷன் இளகிவிடுவார் என்று ஏழுமலை கணக்குப் போட்டார். கூட்டம் முடிந்த கையோடு கையெழுத்து. இன்ஸ்பெக்டரும் தலைமை தாங்க உடனே சம்மதித்துவிட்டாராம். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தானாம்.

"நீ பொய்யே சொல்ல வேணாம். அமெரிக்கான்ற வார்த்தய மட்டும் உட்டுடு. அவுரு ஊரு பேரு சேலம்தான? சேலம்னே சொல்லு. அதுல இன்னா பொய்யி கீது?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே அதில் ஒரு பொய்யும் இல்லை. முப்பது குடும்பம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மறைக்காமல் சொல்கிறேன், பதினாறு பக்கச் சொற்பொழிவு. கூட்டம் நின்றுபோனால் அதை யாரிடம் படிப்பது? சரி என்றேன்.

பகல் 12 மணி.

கூட்டம் மூன்று மணிக்கு. அதுவரை ஊரைப் பார்த்தேன். டச்சுக்காரர் கோட்டையில் மிச்சம் இருப்பது அகழியும் முள்மரங்களும்தான். அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அருகே இரண்டு பெண்கள் நிழலில் உட்கார்ந்து இறால் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எலும்புக்கூடுகள் அவர்களை ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை. காதர் பாய் என்னைத் தேடி வந்து பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே கல்லில் செய்த ஒரு நிழல் கடிகாரம் இருக்கிறது. வெயில் விழுந்து நிழல் காட்டும் நேரத்தை வைத்துத் தொழுகைக்கு நேரம் பார்ப்பது முன்பு வழக்கமாம். என் கைக்கடிகாரம் பன்னிரண்டு இருபத்திரண்டு காட்டியபோது நிழல் சரியாகப் பன்னிரண்டில் நின்றது.

"கல்லு தப்பா, கடியாரம் தப்பா?" என்று காதர் பாய் என்னைச் சீண்டினார்.

இரண்டும் சரி என்று உற்சாகமாக விளக்கினேன். நம் கடிகாரங்கள் பழவேற்காட்டுக்குக் கிழக்கே வெகுதூரத்தில் ஓடும் ஒரு கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன, அதற்கு ஒன்பது நிமிஷம். பிப்ரவரி மாதத்தில் சூரியன் கொஞ்சம் சோம்பலாக உச்சிக்கு வரும், அதற்குப் பதின்மூன்று நிமிஷம். கூட்டினால் இருபத்திரண்டு. காதர் பாய் என் முதுகில் தட்டினார். அமெரிக்கரின் ஊர் வியாபாரிகள் நம் கரையிலிருந்து துணி ஏற்றிப் போனார்கள், பழவேற்காட்டின் பெயரிலேயே ஒரு கைக்குட்டைத் துணி அந்த நாட்டுச் சந்தைகளில் விற்றது என்றும் சொன்னேன். இதைக் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல் என்றார். சொல்ல முடியாது பாய், அமெரிக்கா என்ற வார்த்தை வந்துவிடும் என்றேன். அவர் நிழலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கல்லுக்கு இருபத்திரண்டு நிமிஷத் திருத்தம் சொன்னவன், என் கார்டுக்கு ஒரு வார்த்தைத் திருத்தம் சொல்ல மாட்டேன் என்கிறேன். அது எனக்கே நன்றாக இல்லை.

பிற்பகல் 3 மணி.

படிப்பகம் தகரக் கூரை போட்ட ஒரே அறை. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆண்கள் உள்ளே பாயில், பெண்கள் வாசல் பக்கம் நின்றபடி. இன்ஸ்பெக்டர் மாணிக்கத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புதிதாக இஸ்திரி போட்ட வெள்ளை டெரிலின் சட்டை. கறாரான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்கூர்க்காரர் பேரை இந்த ஊர்ல எடுக்கறதுக்கு ஒரு ஆள் வந்தீங்களேன்னு இருக்குதுங்க. அம்மாவுக்குக்கூட லெட்டர் போட்டுட்டனுங்க."

தலைமையுரை என்று மேலே எழுதிய நாலு பக்கம் அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ஏழுமலை தூணோரம் நின்று எனக்கு மட்டும் தெரியும்படி கையைக் கூப்பினார்.

பேசத் தொடங்கினேன். நன்றாகவே போயிற்று. பீப்பாய்த் தொழிலாளி மகன் என்றதும் தலைகள் நிமிர்ந்தன. கப்பலில் அவர் செய்த ஒரு வேலையைச் சொன்னேன். நிலா எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்து, கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கூட வந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். அடுப்படியில் சமைப்பவருக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும் என்று துறைமுகத்தில் கப்பல் அதிகாரிகள் பெருமையடித்துக்கொண்டார்களாம். வாசல் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. மாணிக்கம் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். "எங்க சேலம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு பிழைகளுக்கு வந்தேன். சூரியன் ஒவ்வொரு நாளும் எங்கே நிற்கும் என்று சொல்லும் பழைய அட்டவணை ஒன்றில் ஆயிரத்து எண்ணூறாம் வருஷத்தை லீப் வருஷம் என்று போட்டிருந்தார்கள். நாலால் வகுத்தால் மீதி வராது, ஆனால் நானூறால் வகுபடாத நூற்றாண்டு வருஷம் என்பதால் அது லீப் வருஷம் இல்லை. அதனால் பிப்ரவரிக்குப் பிறகு எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. மார்ச் மாதத்தில் ஒரு நாள் தவறினால் கடலில் இருபது மைலுக்கு மேல் தவறும். கப்பல்கள் பாறையில் ஏறியதாகச் சொல்கிறார்கள்.

இருபது மைல் என்றால் எவ்வளவு என்று பாயிலிருந்து ஒருவர் கேட்டார். இங்கிருந்து மெட்ராஸ் துறைமுகம் வரை என்றேன்.

"அப்ப பழவேற்காடுன்னு நெனச்சிக்கினு ராயபுரத்துல போய் ஏறிடுவோம்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே மறுபடி கேட்டார். "அத யாருமே சரிபாக்கலியா?"

எழுதி வைத்த பதிலைச் சொன்னேன். பார்த்தவர்கள் படியெடுத்தார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் அச்சு இன்னும் அழகாக வந்தது, பிழை அப்படியே இருந்தது.

சொல்லி முடித்ததும் தூணோரம் ஏழுமலை தரையைப் பார்ப்பது தெரிந்தது. மாணிக்கம் அவரைத் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது. கையில் இன்னும் ஏழு பக்கம் இருந்தன. அந்த ஏழு பக்கத்தை என்னால் படிக்க முடியவில்லை. காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன். நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன், அவர் பிறந்த சேலம் அமெரிக்காவில் இருக்கிறது, நம் சேலம் இல்லை. போஸ்ட்கார்டில் எழுதாமல் விட்டது நான், இங்கே வந்து சொல்லாமல் இருந்ததும் நான்.

வெளியே ஏரியில் படகை யாரோ கழியால் தள்ளும் சத்தம் கேட்டது. மாணிக்கத்தின் காது மடல் சிவந்திருந்தது. பையிலிருந்த நாலு பக்கத்தை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டு எழுந்தார். கிளம்பிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"அந்த ஊருக்கும் சேலம்னே பேருங்களா?"

"ஆமாங்க. இங்கிலீஷ்ல அதே எழுத்துங்க."

"அப்ப எழுத்துல தப்பில்லீங்க. ஊர்லதான் தப்பு."

தோல்பையைத் திறந்து பட்டியலை எடுத்தார். திருப்பி அனுப்பிய இரண்டும் புதியதோடு சேர்த்துக் குத்தியபடி மூன்று பிரதி இருந்தன. கோணல் எழுத்து, வாத்தியார் எழுத்து, சிவப்பு அடிக்கோடு.

"நான் திருப்பி அனுப்பறப்பெல்லாம் இதே பட்டியல் இன்னும் அழகா வந்துச்சுங்க. ஏன் திருப்பினேன்னு ஒருத்தருமே வந்து கேக்கலீங்க. பதினோராம் பேரு கோவிந்தன், தகப்பன் ஆறுமுகம். இருபத்திநாலாம் பேரும் கோவிந்தன், தகப்பன் ஆறுமுகம். ஒரே ஆளுக்கு ரெண்டு பங்கு நூலுங்களா?"

பாயில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஒருவர் பனைமரம் போல், மற்றவர் அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். பெரிய கோவிந்தன், சின்னக் கோவிந்தன். தகப்பன்மார் வேறு வேறு ஆறுமுகம். ஊர் முழுக்க இது தெரியும் என்பதால் எழுத வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அறை குலுங்கச் சிரித்தது. மாணிக்கம் சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றார் ஏழுமலை.

மாலை 4 மணி.

அதோடு சொற்பொழிவு முடிந்தது. பட்டியலை முதல் பெயரிலிருந்து சத்தமாகப் படிக்கும்படி மாணிக்கம் என்னிடம் கொடுத்தார். தலைமையுரை எழுதிய காகிதங்களை எடுத்துப் பின்பக்கத்தில் தானே குறித்துக்கொண்டார். பெயர் படித்ததும் ஆள் கையைத் தூக்க வேண்டும். ஆறு பேர் வரை ஒன்றும் இல்லை. ஏழாவது ஆள் வலையை விற்றுவிட்டு எண்ணூரில் கூலி வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆயிற்று என்று அவர் தம்பியே சொன்னார். அடித்தோம். பத்தொன்பதாவது பெயர் முனுசாமி. கை ஒன்றும் எழவில்லை. ஏழுமலை தொண்டையைக் கனைத்தார்.

"ஐப்பசியில தவறிட்டாரு சார். அவுரு பொஞ்சாதிக்கு நூலு போய்ச் சேரட்டும்னுதான் அந்தப் பேரையே உட்டு வச்சேன்."

வாசலில் நின்ற ஒரு பெண் ஓரடி உள்ளே வந்தார். முனியம்மா என்று பெயர், வயது முப்பதுக்குள் இருக்கும்.

"அவுருதான் இல்ல. வல கீது. நானும் எந் தங்கச்சியும் போட்டுக்கினுதான் இருக்கோம். செத்தவர் பேர்ல எனக்கு இன்னாத்துக்கு நூலு? எம்பேர எயுது நைனா."

சங்கப் பட்டியலில் பெண் பெயர் எழுதும் வழக்கம் இல்லையே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. முனியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டினார்.

"கப்பல்ல சோறாக்கறவனுக்கே நெலாக் கணக்கு சொல்லிக்குடுத்தாருன்னு இந்தத் தம்பி இப்பத்தான சொல்லிச்சு. வல போடறவ பேர எயுதறதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்?"

மாணிக்கம் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். இரண்டு நிமிஷம் விரலால் வரி வரியாகத் தேடினார். மீன்பிடித் தொழில் செய்பவர் என்றுதான் இருக்கிறது, ஆண் என்று எங்கேயும் இல்லை என்று சொல்லி முனியம்மா பெயரை எழுதினார். நான் பதினாறு பக்கத்தில் செய்ய நினைத்ததை அந்த அம்மாள் இரண்டு வாக்கியத்தில் செய்துவிட்டார்.

கடைசிப் பெயர், முப்பதாவது. ஏழுமலை, தகப்பன் வேலு. படித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கையைத் தூக்கியிருந்தார்.

"வலை இருக்குதுங்களா?" என்றார் மாணிக்கம்.

"நூலு வந்தா இருக்கும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் வலை மூன்று வருஷத்துக்கு முன்பே இற்றுப்போனது, அதற்குப் பிறகுதான் சைக்கிள் கடை என்று அப்புறம் காதர் பாய் சொன்னார். இந்த நூலை வைத்து மறுபடி ஏரியில் இறங்கலாம் என்றிருந்தாராம். ஊர் ஆட்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். மாணிக்கமும் பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் காத்திருந்தார். தூக்கிய கை மெல்ல இறங்கியது.

"அடிச்சிடு சார்" என்றார் ஏழுமலை. பிறகு என்னிடம், "தம்பி, நீ நல்லா எயுதுவல்ல, மொத்தத்தயும் புதுசா எயுதிடு. ரெண்டு கோவிந்தனுக்கும் பெரிய, சின்னன்னு போட்டுடு."

எழுதினேன். முப்பதில் இருபத்தெட்டு நின்றது. எழுதிய பிறகு மறுபடி சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னவரும் ஏழுமலைதான். நாலு ஐம்பதுக்கு மாணிக்கம் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் பையனிடம் கொடுக்க மாட்டேன், நானே எடுத்துப் போகிறேன் என்றார்.

மாலை 5.45.

பஸ் ஏறும் இடத்துக்கு ஏழுமலை வந்தார். எனக்கும் மாணிக்கத்துக்கும் ஆளுக்கொரு பொட்டலம் கருவாட்டு எறா கொடுத்தார். மாணிக்கம் வாங்கத் தயங்கினார். அரசாங்க ஆள் வாங்கக் கூடாது என்றார். இது எறா சார், மாமூல் இல்ல என்று ஏழுமலை அவர் பையில் திணித்தார். என்னைப் பார்த்து, அடுத்த தடவை கார்டு வாங்காதே, கவர் வாங்கி எழுது என்றார். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். களைப்புதான் தெரிந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கமாகவே போனார். கடை இருப்பது எதிர்ப்பக்கம்.

பஸ்ஸில் மாணிக்கமும் நானும் பக்கத்துப் பக்கத்தில். தோல்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த மாலுமி கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டார். கடைசிப் பயணத்தில் தலைமை மாலுமியாக, பனி கொட்டும் கிறிஸ்துமஸ் மாலையில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலையில் தன் கணக்கை நம்பியே கப்பலை ஊர்த் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார் என்றேன். பிறகு கடலுக்குப் போகவில்லை. கப்பல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, வீட்டில் கணிதம். வயதான காலத்தில் பக்கத்துப் பெரிய நகரத்துக்குக் குடிபோய் அங்கேயே இறந்தார்.

"சேலத்துல சாகலீங்களா?"

"இல்லீங்க."

"மாத்தல் ஆர்டரு எல்லார்த்துக்கும் வருதுங்க" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது. அம்மாவுக்கு என்ன எழுதப் போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். ஒரு வார்த்தை தப்பாக எழுதிவிட்டேன் என்று எழுதுவேன், அப்படியே முனியம்மா கதையையும் எழுதுவேன், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.

மாலை 6.40. பொன்னேரி.

அவர் அலுவலகத்துப் பக்கம் நடந்தார். அங்கேயே இரவு தங்கி, காலையில் கதவு திறந்ததும் கொடுப்பதாக ஏற்பாடு. நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். கும்மிடிப்பூண்டி வண்டிக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. டீ இருபது பைசா.

பழவேற்காட்டை எங்கள் ஊரோடு ஒப்பிடச் சொன்னால் மீன், உப்புக் காற்று என்றெல்லாம் எழுதலாம். எனக்கு அப்போது வேறொன்றுதான் தோன்றியது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்காக நிலம் அளந்து கல் நடுகிறார்கள். யாருடைய நிலம், யாருக்கு இழப்பீடு என்ற பட்டியலைப் பழைய பதிவேட்டைப் பார்த்துப் படியெடுப்பதுதான் நான் பார்க்கும் தற்காலிக வேலை. என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மேலதிகாரி அடிக்கடி சொல்வார். அடித்தல் திருத்தல் இல்லாமல் நாள் ஒன்றுக்கு எட்டுத் தாள் முடிப்பேன். அந்தப் பட்டியலில் முதல் பெயர் சுப்புராயன், தகப்பன் சின்னப்பன், ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். அதை இதுவரை நாலு பிரதியில் எழுதியிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து அவர் ஊர் ஏழு கிலோமீட்டர். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.